ராணிக்கு கேட் எத்தனை மணிக்கு?

‘‘யக்கா... இன்னிக்கும் செத்துட்டியா?’’

பிளஸ் ஒன் படிக்கிற என் தம்பி தினமும் ராத்திரி கேட்கிற கேள்வி இது. இடம்: ராஜபாளையம், எங்க வீட்டு மாடி ரூம். காலம்: செமஸ்டர் லீவு. பெரியம்மா பையன் பெங்களூரு வேலைக்குக் கிளம்பும்போது எங்க தலையில கட்டிட்டுப் போன கம்ப்யூட்டர்ல நான் இதுவரை செத்தது 61 தடவை. (காலண்டர்ல கோடு போட்டு எண்ணி வெச்சிருக்கான், பாவி!)

கொன்னது யாருன்னு கேட்கிறீங்களா? சிக்ரூன். வால்கிரிகளோட ராணி!

‘காட் ஆஃப் வார்’ கேம் தெரியாத காலேஜ் பசங்க கம்மி. தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு குட்டி டிரெய்லர். அமெரிக்காவோட சான்டா மோனிகா ஸ்டூடியோ 2018 ஏப்ரல்ல பிளேஸ்டேஷனுக்கு விட்டது. 2022 ஜனவரியில கம்ப்யூட்டருக்கும் வந்துச்சு. கிரேக்க தெய்வங்களை துவம்சம் பண்ணி முடிச்ச க்ரேடோஸ், இதுல மகனோட நார்ஸ் தெய்வங்கள் வாழுற ஊர்ல இருக்கார். போர்ல செத்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஓடினோட வல்ஹல்லா மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போற பெண்கள்தான் வால்கிரிகள். நம்ம வீரசொர்க்கம் மாதிரி! எட்டு வால்கிரிகளை ஜெயிச்சு, அவங்க தலைக்கவசங்களை ஆளுக்கொரு சிம்மாசனத்துல வெச்சா, ஒன்பதாவதா ராணி வந்து இறங்குவா.

இறங்கினா அவ்வளவுதான். மஞ்சள் வளையம் மின்னினா, சரியான நொடியில கேடயத்தைத் தூக்கணும். சிவப்பு மின்னினா தடுக்கவே முடியாது, ஒதுங்கிடணும். மேல பறந்து ‘வல்ஹல்லா’ன்னு கத்திக்கிட்டே தலையில வந்து விழுவா பாருங்க... எம்-3 அரியர் பேப்பரே தேவலைன்னு தோணும்!

62-வது தடவை ஜெயிச்சேன். தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா கரண்டியோட மேல ஓடி வந்து, ‘‘எதுக்குடி இப்படிக் கத்துற, ரிசல்ட் வந்துருச்சா?’’ன்னு கேட்டாங்க.

ஆனா அசந்து போனது ஜெயிச்சதுக்கு அப்புறம்தான். சிக்ரூன் வில்லியே இல்லையாம். ஓடினோட சாபத்தால உடம்புக்குள்ள சிறைப்பட்டு, வெறி பிடிச்சுக் கிடந்தவ. நாம ஜெயிச்சதும் விடுதலையாகிப் போயிடுறா. சரி, அவளுக்கு முன்னாடி ராணி யாரு?

ஃப்ரேயா.

காட்டுக்குள்ள மூலிகை அரைச்சுக்கிட்டு, அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பார்க்கிற அமைதியான அம்மாவா வர்றவங்கதான் ஒரு காலத்துல வால்கிரி ராணி. ஓடினோட மனைவி. அவனை விட்டு விலகினதுக்காக இறக்கையைப் பிடுங்கிட்டு ரெண்டு சாபம் போட்டுட்டான். ஒண்ணு, மிட்கார்டை விட்டு வெளிய போக முடியாது. ரெண்டு, தற்காப்புக்குக்கூட யாரையும் அடிக்க முடியாது. 13-ம் நூற்றாண்டு ஐஸ்லாந்துல எழுதி வெச்ச பழைய கதைகள்ல ஃப்ரேயா வேற, ஓடினோட மனைவி ஃப்ரிக் வேற. கேம்காரங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிட்டாங்க. பருந்து இறகுப் போர்வையும் பூனை இழுக்கிற தேரும் வெச்சிருந்த தெய்வத்துக்கு, கேம்ல ஒரு குடிசைதான் மிச்சம்!

‘மிட்கார்டை விட்டு வெளிய போக முடியாது...’ இந்த இடத்துல கேமை நிறுத்தி வெச்சுட்டு சும்மா உட்கார்ந்துட்டேன். ஏன்னா, இதே சாபத்தை நான் ஏற்கெனவே நோட்டீஸ் போர்டுல படிச்சிருக்கேன்!

ஆறரை மணி சாபம்

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா பஸ்ல போற தூரத்துல ஒரு கல்லூரி. பேர் வேண்டாம். அங்க கேம் தயாரிக்கிற போட்டி. காலைல பத்துல இருந்து மறுநாள் பத்து வரைக்கும், மொத்தம் 24 மணி நேரம். ஹாஸ்டல் தோழிகள் ரெண்டு பேர் ப்ளஸ் நான். மூணு பொண்ணுங்க டீம். டீம் பேர் ‘நாச்சியார்’.

எங்க பக்கத்துல நாச்சியார்னாலே ஆண்டாள்தான். பேரைப் பார்த்ததும் ஒரு ஜட்ஜ், ‘‘பக்தி கேமாம்மா?’’ன்னு கேட்டார். ‘‘இல்ல சார், சண்டை கேம். இது சிவகங்கை நாச்சியார்!’’னு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேலு நாச்சியார். 1730-ல பிறந்த ராமநாதபுரத்து இளவரசி. வாள், வில், சிலம்பம், குதிரையேற்றம்னு எல்லாம் கத்துக்கிட்டு, சிவகங்கை ராஜா முத்து வடுகநாதருக்கு ராணியாப் போனவர். 1772-ல காளையார்கோவில்ல ஆற்காடு நவாப் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்ததுல கணவர் இறந்து போனார். ராணி தன் மகள் வெள்ளச்சியோட திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போனார். கோபால நாயக்கரோட ஆதரவு, ஹைதர் அலியோட உதவி, மருது சகோதரர்களோட துணைன்னு ஒவ்வொண்ணா சேர்த்து, 1780-ல சிவகங்கையைத் திரும்பப் பிடிச்சார். உடம்புல தீ வெச்சுக்கிட்டு வெடிமருந்துக் கிடங்குக்குள்ள பாய்ஞ்சதா அந்தச் சீமை சொல்லுற குயிலி, இவரோட படையிலதான்.

கேமா யோசிச்சா இங்கதான் சிக்கல். 1772 ஒரு லெவல், 1780 ஒரு லெவல். நடுவுல எட்டு வருஷம்? வாள் வீசாம, தூது அனுப்பிக்கிட்டு, ஆள் சேர்த்துக்கிட்டு, காத்துக்கிட்டு இருந்த எட்டு வருஷத்தை எப்படி விளையாட வைக்கிறது? ‘‘ஸ்கிப் பண்ணிடலாம்டி’’ன்னா ஒருத்தி. ‘‘அதுதான்டி கேமே’’ன்னேன் நான்.

வாக்குவாதம் சூடு பிடிச்சப்போ மணி ஆறரை. ‘‘கேர்ள்ஸ் டீம் எல்லாம் கிளம்புங்க. காலைல எட்டு மணிக்கு வந்து கண்டினியூ பண்ணுங்க!’’

கணக்குப் போட்டுக்கோங்க. பசங்களுக்கு 24 மணி நேரம். எங்களுக்குப் பத்தரை. விடிய விடிய டீ குடிச்சு பசங்க முடிச்சாங்க. எங்க நாச்சியார் விருப்பாச்சியிலயே நின்னுட்டார்.

கேட்டப்போ வார்டன் மேடம் சொன்னது இது: ‘‘ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா உங்க அப்பா அம்மாவுக்கு யாரும்மா பதில் சொல்றது?’’ அதுல வெறுப்பு இல்ல, அக்கறைதான் இருந்துச்சு. எங்க அம்மாவும் அதையேதான் சொன்னாங்க.

அதுக்கும் ஃப்ரேயா கதையில பதில் இருக்கு. ஃப்ரேயா தன் மகன் பால்டருக்கு சாவே வரக் கூடாதுன்னு மந்திரம் போட்டாங்க. பாசம்தான்! ஆனா வலி போனதோட ருசி, குளிர், தொடுதல்னு எல்லாமே போயிடுச்சு. அம்மாவையே வெறுத்துட்டான். ஓடின் போட்டது கோபத்துல. ஃப்ரேயா போட்டது பாசத்துல. உள்ள மாட்டினவங்களுக்கு ரெண்டும் பூட்டுதான்!

கல்லறையில காய்கள்

ராணிகளை உலகம் எப்படி மறந்து போகுதுங்கிறதுக்கு ஒரு நிஜக் கதை. ஸ்வீடன்ல பிர்க்காங்கிற இடத்துல 19-ம் நூற்றாண்டுல ஒரு வைக்கிங் கல்லறையைத் தோண்டினாங்க. வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், ரெண்டு குதிரைகள், கூடவே ஒரு பலகை விளையாட்டுக்கான காய்கள். ‘பெரிய போர்வீரன்’னு எழுதி வெச்சுட்டாங்க. 2017-ல டி.என்.ஏ. பரிசோதனை பண்ணினா... அது பெண்! ஆயுதம் இருந்தா ஆண்தான்னு ரொம்ப காலம் நினைச்சுட்டு இருந்தாங்க. எனக்குப் பிடிச்சது அந்தக் காய்கள்தான். அக்காவும் கேமர் போல!

நம்ம நாட்டுலயும் ஆரம்பிச்சாச்சு. புனேவோட நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ கேமை வெளியிட்டாங்க. அசுரன் தூக்கிட்டுப் போன தம்பியைத் தேடிப் போற ஒரு சர்க்கஸ் பொண்ணுதான் ஹீரோயின். இணையத்துல பணம் திரட்டப் பார்த்து முதல்ல தோத்துட்டாங்க. ஆனாலும் விடலை. அந்த வருஷ ‘கேம் அவார்ட்ஸ்’ல அறிமுகக் கேமுக்கான பிரிவுல நாமினேஷன் வரை போச்சு. என் தம்பிக்கு இதைக் காட்டினேன். ‘‘என்னை எவனாவது தூக்கிட்டுப் போனா நீ வருவியா?’’ன்னான். ‘‘ஆறரைக்கு முன்னாடின்னா வருவேன்’’னேன்.

லெவல் டூ

இப்போ லீவுல ஞாயித்துக்கிழமை ஆனா தோழிகள் ரெண்டு பேரும் எங்க வீட்டு மாடியில. காசு கேட்காத கோடோ, பிளெண்டர் சாஃப்ட்வேர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ, அம்மாவோட அதட்டல்... இவ்வளவுதான் எங்க ஸ்டூடியோ. அந்த எட்டு வருஷத்தை ஸ்கிப் பண்ணலை. ஒவ்வொரு வருஷமும் யாருக்குத் தூது, யாரை நம்புறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அவசரப்பட்டு சீக்கிரம் படையெடுத்தா தோத்துடுவீங்க. முதல்ல விளையாடிப் பார்த்தது அம்மா. மூணு தடவை தோத்துட்டு, ‘‘ஏன்டி, இந்த ராணி இன்னும் எத்தனை வருஷம்தான் காத்திருக்கணும்?’’னு கேட்டாங்க. எங்களுக்கு அதுதான் முதல் பரிசு!

கூடவே ஒரு மனுவும் கொடுத்திருக்கோம். ரோட்டுக்கு யாரும் வர வேண்டாம். லேபை உள்ளேயே பூட்டிக்கிட்டு, ரெண்டு பெண் ஆசிரியர்கள் துணையோட பொண்ணுங்களும் 24 மணி நேரம் இருக்கலாம்ங்கிறதுதான் கோரிக்கை. அம்மா அதைப் படிச்சுட்டு, ‘பெற்றோர்’னு போட்டு முதல் கையெழுத்துப் போட்டாங்க. பதில் இன்னும் வரலை.

2022-ல வந்த ரெண்டாவது பாகத்துல ஃப்ரேயாவோட சாபம் உடையுது, மறுபடியும் வாளெடுக்கிறாங்க. வேலு நாச்சியார் எட்டு வருஷம் காத்திருந்து ஜெயிச்சார்.

நாங்களும் காத்திருப்போம். ஆனா சார், மேடம்... எங்களுக்கு பாஸ் அவுட் ஆக ஒரு வருஷம்தான் இருக்கு!