நிற்குமா, நிற்காதா?

2-ஐ விடப் பெரிய ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை. 1742-இல் வந்த இந்தக் கோல்ட்பாக் கணிப்புக்கு இன்னும் நிரூபணம் கிடைக்கவில்லை. 4, 6, 8 என்று சோதித்துக்கொண்டே போய், ஒத்துவராத எண் சிக்கினால் நிற்கும்படி பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதிவிடலாம். அது எப்போதாவது நிற்குமா?

எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் "நிற்கும்", "நிற்காது" என்று சரியாகச் சொல்லும் சோதனைப் புரோகிராம் ஒன்று இருந்தால், இந்தக் கேள்வி இன்றே தீர்ந்துவிடும். ஆனால் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. ஆலன் டூரிங்கின் 1936 கட்டுரையிலிருந்து கிடைக்கும் முடிவு இது. சரி, இருக்குன்னே வைத்துக்கொள்வோம். நான் ஒரு குறும்புப் புரோகிராம் எழுதுகிறேன். அது தன்னைப் பற்றியே அந்தச் சோதனையிடம் கேட்கும். "நிற்கும்" என்று பதில் வந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்; "நிற்காது" என்றால் உடனே நின்றுவிடும். சோதனை எதைச் சொன்னாலும் தப்பு!

வேகமான கம்ப்யூட்டர் வந்தாலும் இது மாறாது. அதுக்காக எதையுமே சொல்ல முடியாதுன்னு அர்த்தமில்லை. இரண்டு குறிகளும் ஐந்து நிலைகளும் கொண்ட டூரிங் எந்திரத்தை வெற்று நாடாவில் ஓட்டினால், நிற்கக்கூடியது 4,71,76,870 படிகளுக்குள் நின்றுவிடும் என்று 2024-இல் நிரூபித்துவிட்டார்கள். அதற்குப் பல உத்திகள் தேவைப்பட்டன. சில எந்திரங்களுக்குத் தனித்தனி நிரூபணமே வேண்டியிருந்தது. ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பார்க்கலாம். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவிதான் கிடையாது.