பக்கம் படமாகும்போது...



ஸ்காலர்ஷிப்பா, லேட்டரல் என்ட்ரியா, அப்ரெண்டிஸ் வேலையா, எதுவானாலும் முதல் கேள்வி "சர்டிபிகேட் அப்லோடு பண்ணிட்டியா?" என்பதுதான். பிடிஎஃப் பக்கத்தைப் படமாக மாற்றப் போனால், "ஜேபிஜியா, பிஎன்ஜியா, டிஃப்பா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டு வந்துவிடுகிறோம். அதில் என்ன வித்தியாசம் என்று சற்றே பார்ப்போமா?

முதலில் ஒரு கணக்கு. ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமாக்கினால் 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். கலரில் ஒரு புள்ளிக்கு 3 பைட். சுருக்காமல் வைத்தால் ஒரே பக்கம் 26 எம்பி! ஆகவே சுருக்கித்தான் ஆகவேண்டும். சுருக்கும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

1992-ல் தரப்படுத்தப்பட்ட ஜேபிஜி, படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தள்ளிவிடும். காசிமேட்டுக் கடலை போட்டோ எடுக்க இது போதும். எழுத்து அப்படியல்ல. கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் ஓரத்தில் அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். ரொம்பவும் சுருக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கும்; 3 எது, 8 எது என்று குழப்பும். திருத்தித் திருத்தி சேவ் செய்தால் இன்னும் மோசம்.

1996-ல் வந்த பிஎன்ஜி எதையும் தள்ளாது. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கிக் குறித்துக்கொண்டு, திறக்கும்போது அப்படியே திருப்பித் தரும். எழுத்துப் பக்கத்துக்கும் நம்ம டிராயிங்குக்கும் இதுவே ஏற்றது. டிஃப்பிலும் இழப்பில்லாமல் வைக்கலாம். பல பக்கங்களை ஒரே ஃபைலில் அடுக்கவும் முடியும்.

"ஒரு எழுத்து மாறினா என்ன இப்போ?" என்கிறீர்களா? 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கம்ப்யூட்டர் வல்லுநர் ஒரு விஷயத்தை வெளிப்படுத்தினார். ஜெராக்ஸ் கம்பெனி மெஷினில் ஒரு கட்டிட வரைபடத்தை ஸ்கேன் செய்தால், 21.11, 17.42 சதுர மீட்டர் அறைகளும் 14.13 என்றே வந்தன! இடத்தை மிச்சம் பிடிக்க, ஒன்றுபோல் தெரிந்த துண்டுகளுக்கெல்லாம் ஒரே உருவத்தைப் போட்டுவிட்டது மெஷின். மங்கல்கூட இல்லை; பளிச்சென்ற தப்பு! பிறகு கம்பெனி மென்பொருளைத் திருத்தியது.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். உங்களில் பலரும் அப்படித்தான். நம் வீட்டு ட்ரங்க் பெட்டியில் இருக்கும் அந்த நாலு பேப்பர்தான் நம் சொத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க முடியுமா?

ஆகவே நண்பர்களே, 300 புள்ளி வீதத்தில் பிஎன்ஜி பிரதி ஒன்றை எடுத்து, தொடாமல் வைத்துவிடுங்கள். வெப்சைட்டில் "இத்தனை கேபிக்குள் ஜேபிஜி" என்று கேட்டால், அதிலிருந்து வேறொரு பிரதி எடுத்து அனுப்புங்கள். அனுப்பும் முன் பெரிதாக்கி, ரிஜிஸ்டர் நம்பரையும் மார்க்கையும் ஒரிஜினலோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படியுங்கள்.

கஷ்டப்பட்டு வாங்கிய சர்டிபிகேட்டில் ஒரு புள்ளிகூடக் குறைய வேண்டாமே!