இலுப்பூரின் 'ப' எங்கே போனது?

தமிழ் 99 விசைப்பலகையில் 'ஜே' பட்டன்தான் 'ப'. அது ஒன்று செத்துப்போனால் போதும், இலுப்பூர்க்காரர் சொந்த ஊர்ப் பெயரை அடிக்க முடியாது. புதுக்கோட்டை என்ற மாவட்டப் பெயரும் போச்சு.

பழைய 'கவர்மென்ட் லேப்டாப்' வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்தவை ஒரே கம்பெனிச் சரக்கல்ல. ஏசரும் உண்டு, லெனோவோவும் உண்டு. மாடலும் மாறிக்கொண்டே வந்தது. 'கவர்மென்ட் லேப்டாப் கீபோர்டு' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

மூடியில் இருக்கும் பெயரும் உதவாது. கீபோர்டு செய்கிறவர்கள் வேறு: தைவானின் சிக்கோனி, டார்ஃபோன், சன்ரெக்ஸ், லைட்-ஆன். கீபோர்டை நெம்பித் தூக்கி, காகிதம்போல் மெல்லிய ரிப்பன் கேபிளை அதன் பூட்டிலிருந்து விடுவித்துப் புரட்டினால் முதுகில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஜாதகம் அங்கேதான். எண் 'எம்பி' என்று தொடங்கினால் சிக்கோனி. 'என்எஸ்கே' என்றால் டார்ஃபோன். 'வி' என்றால் பெரும்பாலும் சன்ரெக்ஸ். பக்கத்திலேயே 'பிகே13' என்று இன்னொரு எண் இருக்கிறதா? அது காம்பால் நிறுவனத்தின் கணக்கு எண். 'ஏஇ' என்றால் குவாண்டா. பல பிராண்டுகளுக்கு முழு லேப்டாப்பையும் பூட்டித் தருகிறவர்கள் இவர்கள்தான்.

சிக்கோனி எண்ணின் நடுவில் வரும் 'யுஎஸ்', 'ஜிபி' என்ற எழுத்துகளைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. அமெரிக்க வகையில் என்டர் பட்டன் ஒரே வரிசையில் படுத்திருக்கும். பிரிட்டிஷ் வகையில் இரண்டு வரிசைக்கு நிமிர்ந்து நிற்கும், 3-க்கு மேல் பவுண்டு குறி இருக்கும். 4-இல் ரூபாய்க் குறி அச்சாகியிருந்தால் வயதும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் வரைந்த அந்தக் குறியை அரசு ஏற்றது 2010 ஜூலையில். கீபோர்டு அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

பழைய லேப்டாப் பித்தர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். 2006-இல் வந்த லெனோவோ தின்க்பேட் டி60-க்கு என்எம்பி, ஆல்ப்ஸ், சிக்கோனி என மூவர் கீபோர்டு செய்தார்கள். பார்வைக்கு ஒன்றுதான், விரல் வைத்தால் அழுத்தம் வேறு. என்எம்பிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நாள் முழுக்கத் தட்டுகிறவரின் விரலுக்கு அந்த வித்தியாசம் பொய்யாகத் தோன்றாது.

ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால்? ரிப்பன் எந்த இடத்தில் இறங்குகிறது, என்ன அகலம், திருகுத் துளைகள் எங்கே என்று பார்க்க வேண்டும். பழைய கீபோர்டைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதன் முதுகோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டே காசு கொடுக்கலாம்.