மோட்டாரும் தொட்டியும் எந்த மொழியில் பேச வேண்டும்?

அடுக்குமாடிக் குடியிருப்பிலோ சிறு தொழிற்கூடத்திலோ தண்ணீர் மோட்டாரைத் தானியங்கி முறைக்கு மாற்றப் போகிறீர்களா? கொட்டேஷனில் மாட்பஸ், எம்க்யூடிடி என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இவை கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழிகள், அதாவது புரோட்டோகால்கள். அவ்வளவுதாங்க.

மாட்பஸ் 1979-ல் மோடிகான் நிறுவனம் உருவாக்கியது. கட்டுப்பாட்டுக் கருவி "மட்டம் எவ்வளவு?" என்று கேட்கும், சென்சார் பதில் சொல்லும். கேட்காமல் பேசாது. ஆர்எஸ்-485 ஒயரில் சுமார் 1,200 மீட்டர் வரை போகும். ராயல்டி கிடையாது என்பதால் பல நிறுவனங்களின் மீட்டர், டிரைவ்களில் இது இருக்கும். தொட்டியும் பேனலும் ஒரே வளாகத்தில் இருந்தால் இதுவே போதும். புரோஃபிநெட், ஈதர்கேட் போன்றவை மில்லி வினாடிக்குள் இயங்க வேண்டிய இயந்திரங்களுக்கானவை. தொட்டி நிரம்பவே அரை மணி நேரம் ஆகிற இடத்தில் அந்தச் செலவு எதற்கு?

போர்வெல் சில கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒயர் சரிவராது. சிம் கார்டு வழியாக எம்க்யூடிடி வசதி. தொலைதூர எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-ல் உருவானது. டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும். ஆனால் சிக்னல் போய்விட்டால்? உங்கள் போனில் பழைய மட்டமே தெரிந்துகொண்டிருக்கும், மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் காயில் எரிந்துவிடலாம். அதனால் ட்ரை ரன் பாதுகாப்பு மோட்டார் பேனலிலேயே இருக்க வேண்டும், ஆப்பை நம்பி விடக் கூடாது. தொடர்பு அறுந்தால் எச்சரிக்கும் வசதி எம்க்யூடிடியிலேயே உண்டு. அதைச் செட் செய்து தரச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், இதைத்தான் பலர் கேட்பதே இல்லை. சாதாரண மாட்பஸில் பாஸ்வேர்டு கிடையாது. யார் கட்டளை அனுப்பினாலும் கருவி கீழ்ப்படியும். 2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில் வெப்பமூட்டும் கருவிகளுக்கு இப்படித்தான் மாட்பஸ் கட்டளைகளை அனுப்பினார்கள். கடுங்குளிரில் 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் ஏறத்தாழ இரண்டு நாள் சூடில்லாமல் தவித்தன. எனவே மாட்பஸ் கருவியை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்க விடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் கேளுங்கள். எம்க்யூடிடி என்றால் டிஎல்எஸ் பாதுகாப்புடன் கேளுங்கள்.

கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன், ரெஜிஸ்டர் பட்டியலையும் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பொருத்தியவர் நாளை போன் எடுக்காவிட்டாலும், வேறொரு எலக்ட்ரீஷியன் அதை வைத்தே சரிசெய்துவிடுவார்.