மலையேறும் கால்களும் இரத்தத்தின் இரும்பும்

பண்டாரவளையை அடுத்த பூனாகலையில் காலைப் பெரட்டு முடிந்ததும், கூடையோ சாக்கோ முதுகில் தொங்கப் பெண்கள் கொழுந்து மலை ஏறுவர். அவ்வேற்றத்துக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உண்ட ரொட்டியிலிருந்து என்பீர்கள். மெய்தான், ஆயினும் ரொட்டி நேரே தசையை இயக்குவதில்லை.

தசையின் கைக்காசு அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளாகும். 1929-ஆம் ஆண்டில் கார்ல் லோமான் என்னும் ஜெர்மானியர் இதனைக் கண்டறிந்தார். தசை சுருங்குந்தோறும் இது செலவாகின்றது. விந்தை யாதெனில், இதன் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிகளுக்கே போதும்! கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் மற்றொரு பொருள் துணைக்கு வந்தாலும், கடும் உழைப்பில் பத்து விநாடியளவில் அதுவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே செலவாகச் செலவாக உடல் அதனைப் புதிதாய் ஆக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

செங்குத்துப் படிகளில் ஓடி ஏறுகையில், போதிய பிராணவாயு வந்து சேருமுன்பே தசை சர்க்கரையை அரைகுறையாய்ச் சிதைக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு இவ்வழியில் கிடைப்பவை இரண்டே. நிதானமாய் நடக்கையிலோ, அதே சர்க்கரை பிராணவாயுவோடு முற்றும் எரிந்து ஏறக்குறைய முப்பது தருகின்றது. கொழுப்பும் இவ்வழியிலேதான் எரியும். நாள் முழுதும் கொழுந்து பறிப்பது இந்த இரண்டாம் வழியை நம்பிய தொழில்.

அந்தப் பிராணவாயுவைச் சுமந்து வருவது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. இரும்பு குறைந்தால், வயிறார உண்டவளும் பாதி மலையில் மூச்சிரைத்து நிற்பாள். அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது அறியாமை. 1979-இல் எட்ஜர்ட்டன் முதலானோர் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்க்கு இரும்புச்சத்துக் கொடுத்து ஹீமோகுளோபின் உயர்ந்தபோது, ஒரு மாதத்திலேயே அவர்கள் பறித்த கொழுந்து கூடிற்று. சோகை மிகுந்தவர்களிடமே அவ்வேற்றம் அதிகமாய்க் காணப்பட்டது.

நேயர்களே, நாம் பறிக்கும் தேயிலையே இங்குக் குறுக்கே நிற்கிறது. உணவோடு தேநீர் பருகினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது தடுக்கும். உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் பருகலாம். தேசிக்காய்ப் புளிப்போ அந்த இரும்பு உடலில் சேரத் துணைபுரிவது. ஆதலின் கீரையிலும் சம்பலிலும் அதனைத் தாராளமாகவே பிழிந்துகொள்ளலாம். இவ்வளவும் செய்தும் களைப்பு நீங்காதவர்கள் மருத்துவரிடம் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.