திரையில் தெரியும் குன்று

போர்ட் பிளேர் விமான நிலையத்தில் ஓடுபாதையின் ஒரு முனையில் குன்று. அதனால் விமானங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமிருந்து வந்து இறங்கி, வந்த பக்கமாகவே கிளம்பிப் போகின்றன. மழைமேகம் மூடிவிட்டால், குன்று எங்கே, கடல் எங்கே என்று விமானிக்கு எப்படித் தெரியும்?

புதிய விமானங்கள் சிலவற்றில் அதற்கென்றே முப்பரிமாணத் திரை உண்டு. மலை, பள்ளத்தாக்கு, ஓடுபாதை விவரமெல்லாம் கணினியில் முன்பே பதிந்திருக்கும். செயற்கைக்கோள் சொல்லும் இருப்பிடத்தையும் விமானத்தின் உயரத்தையும் சேர்த்து, மேகம் மறைத்த காட்சியைத் திரை வரைந்துகாட்டும். விமானம் போகும் திசையைக் காட்ட ஒரு சிறு வட்டம். அது குன்றின் மேல் விழுந்தால், உடனே உயரே ஏற வேண்டும்!

இருப்பிடம் பிசகினால் படமும் பிசகும். செயற்கைக்கோள் கணக்கில் வரும் பிழையைத் திருத்த இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கியதே ‘ககன்’ அமைப்பு. அதன் 15 தரை நிலையங்களில் ஒன்று போர்ட் பிளேரில் இருக்கிறது. 2022 ஏப்ரலில், ககன் வழிகாட்ட, இண்டிகோ விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இறங்கியது.

ஒன்று மட்டும் மாறவில்லை. குறித்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை கண்ணில் படவில்லையென்றால், முப்பரிமாணப் படத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. மறுபடி மேலே ஏறிவிட வேண்டும்.