ஒரு பப்ஸுக்குள் ஓர் அறை! ஹைதராபாத் விருந்து அடுக்குகள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் முட்டை பப்ஸ். ஒரு கடி கடித்தால் சட்டை முழுக்கத் துகள்! அந்தத் துகளைத் தட்டிவிட்டு டீயைக் கையில் எடுப்பதோடு நம் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பப்ஸுக்குள் பெருக்கல் வாய்ப்பாடு இருக்கிறது, நீராவி இயந்திரம் இருக்கிறது, ஸ்பெயின் இருக்கிறது, நிஜாமின் அரண்மனைகூட இருக்கிறது! அடுத்த முறை வீட்டில் நாலு பேர் கூடும்போது நீங்களே சுட்டு அடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதையெல்லாம் படித்துவிடுங்கள்.

ஆறே மடிப்பில் 729 அடுக்கு. தெரியுமா?

மைதா மாவைப் பிசைந்து சதுரமாகத் தேய்த்து, நடுவில் தட்டையான வெண்ணெய்க் கட்டியை வைத்து மூடுகிறார்கள். இப்போது உள்ளே இருப்பது ஒரே ஒரு வெண்ணெய் அடுக்கு. அதை நீளமாகத் தேய்த்து மூன்றாக மடித்தால் 3. மறுபடி தேய்த்து மடித்தால் 9. பிறகு 27, 81, 243... ஆறாவது மடிப்பில் 729! கையில் இருப்பது ஒரு பூரிக்கட்டையும் கொஞ்சம் பொறுமையும்தான். மூன்றின் பெருக்கல் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது.

ஒரு பப்ஸில் 78 சதுர அடி. தெரியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பப்ஸுக்கு வெட்டும் சதுரம் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து. அதில் 729 வெண்ணெய் அடுக்குகளையும் பிரித்துத் தரையில் பரப்பினால் 7.29 சதுர மீட்டர், அதாவது சுமார் 78 சதுர அடி! பத்துக்கு எட்டு சின்ன அறை ஒன்றைக் கிட்டத்தட்ட முழுசாக மூடிவிடும். அந்த அறையைத்தான் நாம் நாலு கடியில் விழுங்குகிறோம்.

இன்னொரு வியப்பு. மாவை மூன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால், ஒரு மாவு அடுக்கும் ஒரு வெண்ணெய் அடுக்கும் சேர்ந்தே ஐந்து மைக்ரான்தான் வரும். கோதுமை மாவில் இருக்கும் பெரிய மாவுச்சத்து மணிகளே 20 மைக்ரானுக்கு மேல்! அடுக்கைவிட அதற்குள் இருக்கும் மணி பெரியது என்றால் என்ன ஆகும்? பல இடங்களில் அடுக்குகள் கிழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் 729 என்பது காகிதக் கணக்கு. ஆர்வக்கோளாறில் ஏழாவது, எட்டாவது மடிப்பு மடித்தால் அடுக்கு கூடாது, குறையும்! நான்கு மடிப்பில், 81 அடுக்கில் நிறுத்தினாலும் வீட்டு விருந்துக்கு அருமையாகவே உப்பும்.

ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை, பிறகு எப்படி உப்புகிறது?

தண்ணீர்! வெறும் தண்ணீர்! வெண்ணெயிலேயே நூற்றுக்குச் சுமார் 16 பங்கு ஈரம் உண்டு. மாவில் ஊற்றிப் பிசைந்த தண்ணீர் வேறு. சூடான அடுப்புக்குள் போனதும் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கும் மேலான நீராவியாக விரிகிறது. அரை கிலோ மைதாவுக்குக் கால் லிட்டர் தண்ணீரும் 400 கிராம் வெண்ணெயும் சேர்த்தால், முழு ஈரமும் ஆவியானால் கிடைக்கும் நீராவி சுமார் 500 லிட்டர்! அது வெளியேற வழி தேடி ஒவ்வொரு மாவுத் தாளையும் தூக்குகிறது. உருகிய கொழுப்பு தாள்களை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்குள் மாவு வெந்து விறைத்து, தூக்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அடுப்பு முன்கூட்டியே 200 டிகிரிக்குக் காயாமல் இருந்தால், நீராவி கிளம்புவதற்குள் வெண்ணெய் உருகித் தட்டில் ஓடிவிடும். பப்ஸ் தட்டையாகும், வெண்ணெய் வீணாகும்.

ஒரு கொசுறு: ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதனால் அங்கே தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னை பப்ஸைவிட ஹைதராபாத் பப்ஸில் நீராவி ஓர் இம்மி முந்திக் கிளம்புகிறது!

கண்டுபிடித்தவர் ஓவியரா?

பிரெஞ்சு ஓவியர் குளோட் லொரான் இளமையில் பேக்கரியில் வேலை பார்த்தபோது, வெண்ணெயை மாவுக்குள் வைத்து மடித்து இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1607-லேயே ஸ்பெயினின் சலமன்கா நகரத்துக் கல்லூரிச் சமையல்காரர் தொமிங்கோ எர்னாந்தெஸ் தெ மசேரஸ் தம் சமையல் புத்தகத்தில் இந்த அடுக்கு மாவுக்குச் செய்முறை எழுதிவிட்டார். அப்போது லொரான் சின்னப் பையன்! அரண்மனைக்காரர் அல்ல, ஓவியரும் அல்ல. மாணவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்தான் இதை எழுதி வைத்தார் என்பது எவ்வளவு பொருத்தம்! இன்றைக்கும் பப்ஸை அதிகம் சாப்பிடுவது கல்லூரி மாணவர்கள்தானே?

ஹைதராபாத்துக்குச் சொந்தமாகவே ஓர் அடுக்குப் பலகாரம் உண்டு. தெரியுமா?

அதன் பெயர் லுக்மி. சமோசா முக்கோணம் என்றால் லுக்மி சதுரம்! மைதாவில் நெய்யும் தயிரும் சேர்த்துப் பிசைந்து, தேய்த்து மடித்து, உள்ளே இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி போட்டு வதக்கிய கீமாவை வைத்து, மிதமான தீயில் பொரித்தெடுப்பார்கள். ஹைதராபாத் முஸ்லிம் கல்யாண விருந்துகளில் பிரியாணிக்கு முன்னால் கபாபும் லுக்மியும் ஜோடியாக வரும்.

இதன் உறவுக்காரரைத் தேடினால் 14-ஆம் நூற்றாண்டுக்குப் போகலாம். முகமது பின் துக்ளக்கின் அரசவை விருந்தில், கொத்திய இறைச்சி, பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலா எல்லாவற்றையும் மெல்லிய மாவுக்குள் வைத்து நெய்யில் பொரித்த பலகாரம் பரிமாறப்பட்டதை மொராக்கோப் பயணி இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். தலைநகரையே டெல்லியிலிருந்து தக்காணத்துத் தௌலதாபாதுக்கு மாற்றிய அதே துக்ளக்!

நெய்க்கும் வெண்ணெய்க்கும் இவ்வளவு வித்தியாசமா?

வெண்ணெயில் ஈரம் உண்டு என்று பார்த்தோம். அதைக் காய்ச்சி நெய்யாக்கினால் ஈரம் போய்விடுகிறது. ஆகவே நெய் அடுக்குகளைப் பிரித்து வைக்குமே தவிர, தானாக நீராவி தராது. மாவின் ஈரம் மட்டும்தான் தூக்க வேண்டும். அதனால்தான் பப்ஸ் கோபுரமாக எழுகிறது, லுக்மி அடக்கமாக உப்பி மொறுமொறுக்கிறது. இரண்டும் வெவ்வேறு கண்டத்துச் சமையலறைகள், ஆனால் ஒரே சூத்திரம்: கொழுப்பு பிரிக்கும், ஆவி தூக்கும்!

மே மாதத்தில் பப்ஸ் மடிப்பது வீரச்செயல். ஏன் தெரியுமா?

வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். ஹைதராபாத் கோடை 40 டிகிரியைத் தாண்டும். மடிக்க மடிக்க வெண்ணெய் மாவுக்குள் ஊறிப்போனால் அடுக்கு ஏது? இதனால்தான் நம் ஊர் பேக்கரிகள் பெரும்பாலும் வெண்ணெயை விட்டு, அதிகச் சூட்டிலும் கெட்டியாக நிற்கும் மார்ஜரின், வனஸ்பதி பக்கம் போயின. 1937-ல் வந்த டால்டா வனஸ்பதி இந்தியச் சமையலறைகளை வளைத்துப் போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கெட்டித்தன்மைக்குப் பின்னால் இருந்த வில்லன் டிரான்ஸ் கொழுப்பு. 2022 முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்!

வீட்டில் வெண்ணெயிலேயே செய்ய வழி? காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். ஐஸ் தண்ணீரில் பிசையுங்கள், அதில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விடுங்கள். மாவு முரண்டு பிடிக்காமல் நீளும். இரண்டு மடிப்புக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஓய்வு கொடுங்கள். வெண்ணெய் இறுகும், மாவின் இழுவிசையும் தணியும்.

முட்டை பூசுவதிலும் ஒரு ரகசியமா?

ஆமாம்! பளபளப்புக்காக மேலே முட்டை பூசும்போது அது வெட்டிய ஓரங்களில் வழிந்தால் அவ்வளவுதான். அடுக்குகளைப் பசை போட்ட மாதிரி ஒட்டிவிடும், அந்தப் பக்கம் எழும்பாது. வெட்டும் கத்தியும் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி ஓரத்தை அழுத்தி மூடிவிடும். வெட்டியது போக மிச்சமான துண்டுகளை உருட்டிப் பிசைந்துவிடாதீர்கள். பாடுபட்டுச் சேர்த்த அடுக்கெல்லாம் போய்விடும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தேயுங்கள். உள்ளே வைக்கும் வெங்காய மசாலாவோ கீமாவோ நீர் சுண்டி, நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக வைத்தால் உள்ளிருந்தே வெண்ணெய் உருகும். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பால் தடவினாலும் நிறம் வரும்.

ஹைதராபாத்தை இத்தனை ருசிக்காரர்கள் சேர்ந்து வளர்த்தார்களா?

1806-ல் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் படைக் குடியிருப்பாக செகந்திராபாத் உருவானது. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர்தான் அதற்கு! பிறகு ஈரானியர்கள் வந்து டீக்கடைகளைத் திறந்தார்கள். தேசப் பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த கான்சந்த் ராம்னானி 1953-ல் மொஜம்ஜாஹி மார்க்கெட் பகுதியில் கராச்சி பேக்கரியைத் தொடங்கினார். நிஜாம் சமையல், வெள்ளைக்காரர் ரொட்டி அடுப்பு, ஈரானி டீ, சிந்தி பேக்கரி எல்லாம் ஒரே ஊரில்!

பழைய ஈரானி ஹோட்டல்களில் இன்னொரு வழக்கம். கேட்காமலேயே ஒரு தட்டில் வெங்காயம் வைத்த சோட்டா சமோசாவும் பிஸ்கட்டும் மேஜைக்கு வந்துவிடும். எழுந்திருக்கும்போது எத்தனை குறைந்திருக்கிறதோ அதற்கு மட்டும் காசு! வீட்டு விருந்துக்கும் இது நல்ல யோசனை. ஆளுக்கொரு தட்டு என்று பங்கு பிரிக்காமல் நடுவில் குவித்து வையுங்கள். பேச்சும் வளரும், பலகாரமும் தீரும்.

101 பேர் ஒரே மேஜையில் வந்து உட்கார்ந்தால்?

கற்பனை இல்லை! ஹைதராபாத் ஃபலக்னுமா அரண்மனையில் 101 பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை இருக்கிறது. 2017-ல் பிரதமர் மோடி, இவாங்கா டிரம்ப் உள்ளிட்ட விருந்தினர்களுக்கு அங்கேதான் விருந்தளித்தார்.

அந்த மேஜைக்கு நீங்கள் பப்ஸ் சுடுவதாக வைத்துக்கொள்வோம். பின்னால் சாப்பாடு உண்டு என்றால் ஆளுக்கு மூன்று குட்டி பப்ஸ் போதும், மொத்தம் 303. அரை கிலோ மைதா, 400 கிராம் மடிப்பு வெண்ணெய், மாவில் பிசைய 50 கிராம் வெண்ணெய், கால் லிட்டர் தண்ணீர், இரண்டு ஸ்பூன் உப்பு. இதிலிருந்து ஆறு சென்டிமீட்டர் சதுரங்களாகச் சுமார் 75 வரும். நான்கு மடங்குக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் அரண்மனையே அடங்கிவிடும்! நம் வீட்டு இருபத்தைந்து பேருக்கு ஒரு மடங்கே போதும். முதல் நாளே மடித்து, மசாலா வைத்து, வேகாமல் ஃப்ரீசரில் வையுங்கள். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போது அடுப்பில் ஏற்றினால் போதும். சில்லிட்ட வெண்ணெய் என்பதால் இன்னும் நன்றாகவே எழும்.

தொட்டுக்கொள்ள மயோனைஸ் வைக்கப் போகிறீர்களா?

நில்லுங்கள்! பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தெலங்கானா அரசு 2024 அக்டோபர் 30 முதல் ஓராண்டுத் தடை போட்டது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் அதே வழியில் போனது. வேகாத முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதுதான் காரணம். புதினா, கொத்தமல்லி அரைத்துக் கெட்டித் தயிரில் கலந்தால் கபாபுக்கும் ஆச்சு, பப்ஸுக்கும் ஆச்சு!

கடல் கடந்தும் கறி பப்ஸா?

சிங்கப்பூர், மலேசியாவில் இதன் பெயர் கறிபாப். கறி மசாலா உருளைக்கிழங்கை வைத்து அரைவட்டமாக மடித்து, ஓரத்தைச் சோமாசி போல் முறுக்கிப் பொரிப்பார்கள். 1956-ல் சிங்கப்பூரில் சின்னக் கடையாகத் தொடங்கிய ஓல்ட் சாங் கீ இன்று இதை வைத்தே பெரிய நிறுவனமாகிவிட்டது. இலங்கையிலோ மாலை நேர ஷார்ட் ஈட்ஸ் தட்டில் பேட்டிஸ் இல்லாமல் வீட்டு விசேஷமே இல்லை!

மிச்சமான பப்ஸை மைக்ரோவேவில் வைக்கலாமா?

வைக்கவே கூடாது! மசாலாவின் ஈரம் ஆவியாகி அடுக்குகளுக்குள் புகுந்து நமத்துப் போகும். 180 டிகிரி ஓவனிலோ ஏர் ஃபிரையரிலோ ஐந்து நிமிடம் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் தோசைக்கல்லைக் காயவைத்து, தீயைக் குறைத்து, மூடி போடாமல் திருப்பித் திருப்பிச் சூடாக்குங்கள். மூடினால் ஆவி உள்ளேயே தங்கும். அடுப்பில் அடுக்கைத் தூக்கி நிறுத்திய அதே ஆவிதான் ஆறிய பிறகு அதைக் கவிழ்க்கிறது. சுட்ட பப்ஸைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடாமல் கம்பித் தட்டில் ஆறவிடச் சொல்வதும் இதற்காகத்தான். அப்படி ஆறவிட்டால் விருந்து முடியும்வரை மொறுமொறுப்பு நிற்கும். அதற்குள் தட்டு காலியாகாமல் இருந்தால்!